மதகு வைக்காத வீதி

அரியாலையின் தெற்குக் கரையில், கடல்நீரேரியைப் பார்த்தபடி இருந்த குடிசைகளில் மகாதேவியின் குரல் எட்டாத குடிசை ஒன்றுகூட இல்லை. அவள் மயிலிட்டியில் பிறந்தவள். பெருங்கடலின் இரைச்சலுக்கு மேலால் ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. ஐம்பத்தாறாம் ஆண்டு ஏரம்புவைக் கலியாணம் முடித்துக்கொண்டு இங்கே வந்தபோது, முழங்கால் அளவு தண்ணீரில் ஆட்கள் நடந்து திரிவதைக் கண்டு, "உது கடலோ, குளமோ?" என்று புருஷனிடம் கேட்டாள்.

ஏரம்பு அதிகம் கதைக்காத மனுஷன். சிரித்துவிட்டுச் சொன்னான்.

"குளமெண்டு நினைச்சு இறங்காதை. சோளகம் அடிக்கேக்கை தெரியும்."

மயிலிட்டியில் பயப்படவேண்டியது மாரிகாலத்து வாடைக் காற்றுக்கு. இங்கே ஆனி, ஆடியில் தெற்கிலிருந்து எழும்பும் சோளகத்துக்கு. அந்தக் காற்று அடித்தால் நீரேரித் தண்ணீர் முழுவதும் இந்தக் கரையை நோக்கி வரும். ஆனாலும் ஊர் ஆட்கள் பெரிதாகப் பயப்படவில்லை. குடிசைகளுக்கு முன்னால் கடல் உள்ளே நுழைந்த ஒரு சிறிய இடம் இருந்தது. அதை அவர்கள் 'வாய்' என்பார்கள். எவ்வளவு காற்று அடித்தாலும் வள்ளத்தை அந்த வாய்க்குள் விட்டுவிட்டால், அது தானாக மணலில் ஏறி நின்றுவிடும். ஏரம்பு விடியமுன்னம் போய்ச் தடி நட்டுக் கட்டிய சிறகுவலையில் பட்ட இறாலையும் நண்டையும் கொண்டுவருவான். மகாதேவி அதைப் பனையோலைக் கடகத்தில் தூக்கிக்கொண்டு கரையோர மணலால் நடந்து பட்டினத்துச் சந்தைக்குப் போவாள். அருந்ததி என்று ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். சண்டை சச்சரவோடு, பசியில்லாமல் வாழ்க்கை போனது.

வீதிக் கதை வந்தது அறுபத்திரண்டில். பட்டினத்தில் கனகசபாபதி என்று வழக்குப் பேசும் பிறக்கிராசியார் ஒருவர் இருந்தார். கோட்டில் பேசினால் எதிர்த்தரப்பு வாய் திறக்காது என்று பெயர். அவர் கொழும்புக்குப் போய்வந்த ஒரு தடவை, காலிமுகத்திடலில் ஆட்கள் கார்களில் வந்து கடற்காற்று வாங்குவதைக் கண்டார். யாழ்ப்பாணத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நாலு பெரிய ஆட்களைச் சேர்த்து ஒரு வீதிக் கமிட்டி வைத்தார். ஒருநாள் பின்னேரம் அரியாலைக்கும் வந்து, கோயில் வெளியில் ஊரைக் கூட்டினார்.

"பட்டினத்திலை இருந்து உங்கடை ஊர்மட்டும் கடலோரமாய் ஒரு வீதி போடப்போறம். பின்னேரத்திலை காரிலை வந்து காத்து வாங்கிக்கொண்டு போகலாம். வெளியூர் ஆக்களும் வருவினம்."

"ஆர் காத்து வாங்கிறது?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகாதேவி எழும்பி நின்றாள்.

"எல்லாரும்தான், பிள்ளை."

"எங்களிட்டைக் கார் இல்லை ஐயா. வள்ளம்தான் கிடக்கு. நீங்கள் கடலோரமாய்க் கல்லை அடுக்கினால் எங்கடை வள்ளம் எதாலை வாறது?"

கனகசபாபதி கோபிக்கவில்லை. குடை நுனியால் மணலில் ஒரு கோடு கீறினார். கோட்டின் நடுவில் ஒரு வளைவு போட்டார். "இதுதான் உங்கடை வாய். இந்த இடத்திலை ஒரு மதகு வைப்பம். கார் மேலாலை போகும், வள்ளம் கீழாலை போகும். காணுமோ?"

ஆண்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஏரம்புவுக்குத்தான் கூடச் சந்தோஷம். சிரமதானம் என்று கூலியில்லா வேலைக்கு ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் போனான். அணைக்கட்டுக்கு வேண்டிய, கடலில் எடுத்த முருகைக்கல்லைத் தன் வள்ளத்திலேயே ஏற்றி வந்து இறக்கினான். தோள்பட்டைத் தோல் உரிந்து வீட்டுக்கு வருவான். மகாதேவி எண்ணெய் பூசிவிடும்போது, "நல்ல வீதியாய் வரும் பார்" என்பான்.

வீதி வந்தது. தார் ஊற்றி, கடற்பக்கம் கல் அணை கட்டி, நேராக வந்தது. வாய் இருந்த இடத்திலும் நேராகவே வந்தது. அவ்விடத்தில் மதகு இல்லை. கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, மேலே தார் பூசியிருந்தார்கள்.

அண்டைக்கே மகாதேவி பட்டினத்துக்கு நடந்தாள். பிறக்கிராசியார் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். அவர் விறாந்தையில் இருந்தபடியே பதில் சொன்னார்.

"மதகு வைச்சால் அந்த இடத்திலை வீதி உயர்ந்துபோம், பிள்ளை. காருகள் துள்ளும். பார்வைக்கும் வடிவாய் இராது எண்டு இஞ்சினியர் சொல்லிப்போட்டார்."

"வடிவுக்காகவோ ஐயா எங்கடை வாசலை அடைச்சனீங்கள்?"

"ஏன் உப்பிடிக் கத்துறாய்? அடுத்த வருஷம் பாப்பம்."

அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருஷம் படலையே திறக்கவில்லை.

வள்ளங்களை அணைக்கு வெளியே கல்லில் கட்டவேண்டி வந்தது. பாசி பிடித்த கல்லில் மீனையும் வலையையும் தூக்கிக்கொண்டு ஏறி, கார் வருகிறதா என்று பார்த்து, வீதியைக் கடந்து வீட்டுக்கு வரவேண்டும். உள்ளே அகப்பட்ட தண்ணீர் நாறி நுளம்பு பெருகியது. அருந்ததிக்கு இரண்டு தரம் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரிசையாக வந்தன. உடுத்துப்படுத்து வந்தவர்கள் கச்சான் கொறித்தபடி கடலைப் பார்த்தார்கள். திரும்பும்போது குடிசைப் பக்கம் மூக்கைப் பொத்தினார்கள். அதற்குப் பிறகு கமிட்டி ஒரு பலகை நட்டது. 'இவ்விடத்தில் வலை, மீன் காயப்போடுதல் கூடாது.' மகாதேவி அந்தப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய், அடுப்பில் வைத்து அன்றைய சோற்றை ஆக்கினாள்.

"வம்பை விலைக்கு வாங்காதை" என்றான் ஏரம்பு.

"கல்லேத்திக் குடுத்த ஆள் நீங்கள். நீங்கள் கதையாதேங்கோ."

அவன் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அறுபத்தாறாம் ஆண்டு ஆனி மாதம் ஒரு காலைநேரம், ஏரம்பு வலையில் பட்டதை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சோளகம் எழும்பிவிட்டது. மகாதேவியும் பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவும் அணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய காலமென்றால் அவன் வள்ளம் தள்ளும் கம்பை உள்ளே எடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பான். காற்றே வள்ளத்தை வாய்க்குள் கொண்டுவந்திருக்கும். இப்போதும் காற்று வள்ளத்தை அந்த இடத்துக்குத்தான் கொண்டுவந்தது. வாய் இருந்த இடத்தில் கல் இருந்தது. முதல் அடியில் முன்பக்கம் பிளந்தது. ஏரம்பு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைத் தள்ளிப்பிடிக்கப் பார்த்தான். அடுத்த அலை வள்ளத்தைத் தூக்கி அவன் வலக்காலின் மேல் கல்லோடு வைத்து நெரித்தது.

இரண்டு பெண்களும் இறங்கி இழுத்தார்கள். வீதிக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, கொஞ்சத்தூரத்தில் ஒரு கார் நின்றது. அலை அடிப்பதைப் பார்க்க வந்தவர்கள். மகாதேவி ஓடிப்போய்க் கண்ணாடியில் தட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ! கால் போயிட்டுது! உங்களைக் கும்பிட்டன்!"

உள்ளே இருந்த அம்மா அவள் கையில் இருந்த இரத்தத்தைப் பார்த்தாள். கண்ணாடி இறங்கவில்லை. கார் உறுமியது, பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியில் மகாதேவியின் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்ததை லூர்த்தம்மா கண்டாள்.

மாட்டு வண்டி ஒன்றில்தான் ஏரம்புவைக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது.

"பயந்திருப்பினம்" என்று ஏரம்பு பின்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னான். "இரத்தத்தைக் கண்டால் சில ஆக்களுக்குத் தலைசுத்தும்."

"உங்களுக்குக் கோபமே வராதோ?" என்று மகாதேவி கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

வீட்டுக்கு விடும்நாள் லூர்த்தம்மாவின் தம்பி கனிசியஸ் தன் வாடகைக் காரைக் கொண்டுவந்தான். பழைய ஒஸ்ரின் கார். ஏரம்புவைத் தூக்கிப் பின்சீற்றில் இருத்தி, பக்கத்தில் மகாதேவியை ஏற்றினான். அவள் காரில் ஏறியது அண்டைக்குத்தான் முதல் தரம்.

"அண்ணை எத்தினை நாளாய் ஆஸ்பத்திரிக்குள்ளை கிடந்தவர். கடற்கரை வீதியாலை போவம் அக்கா, கொஞ்சம் காத்துப் படட்டும்" என்றான் கனிசியஸ். நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கமுன்னம் காரைத் திருப்பிவிட்டான்.

பின்னேர வெயில் சாய்ந்த நேரம். கார் அணைமேல் ஏறியதும் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் வந்து பட்டது. நீரேரி ஒரே தகடாய்ப் பொன்னிறத்தில் கிடந்தது. சிறகுவலைத் தடிகள் எழுத்துப்போல வரிசையாய் நின்றன. தூரத்தில் ஒரு வள்ளம் அசையாமல் நிற்பதுபோலப் போய்க்கொண்டிருந்தது. கொக்குகள் ஒன்றாய் எழும்பி ஒன்றாய் இறங்கின. மகாதேவி இந்தத் தண்ணீரோடு பத்து வருஷம் மாரடித்தவள். இப்படி அதை ஒருநாளும் கண்டதில்லை. தலையில் கடகமில்லாமல், காலில் சேறில்லாமல், ஒன்றுக்கும் அவசரப்படாமல் இருந்து பார்க்கும்போது அது உண்மையிலேயே வடிவாய்த்தான் இருந்தது.

"வடிவுதான், என்ன?" என்றான் ஏரம்பு மெதுவாக.

அவளுக்கு அழுகை வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். நெஞ்சுக்குள் தீ வைத்ததுபோலக் கோபம்தான் வந்தது. வீதி போட்ட உவையள் பொய் சொல்லவில்லை. இதற்காகத்தான் அடைத்திருக்கிறார்கள். இந்தப் பின்னேரத்தை, இந்தக் காற்றை, ஒரு துள்ளலும் இல்லாமல் பார்த்துக்கொண்டு போவதற்காக. குடிசைகள் வந்தன. வீதி முடியும்வரை போய்த் திரும்பலாமென்று கனிசியஸ் நிறுத்தவில்லை. கார் ஓடிய ஓட்டத்தில் தன் வீட்டை அவள் சரியாக அடையாளம் காணமுன்னம் அது பின்னால் போய்விட்டது. வாய் இருந்த இடத்தை, ஏரம்புவின் கால் போன இடத்தை, கார் எண்ணெயில் வழுக்கியதுபோலக் கடந்தது. சீற்றில் ஒரு குலுக்கம்கூட இல்லை.

"நிப்பாட்டு" என்றாள். கனிசியஸ் பயந்து பிறேக்கை அழுத்தினான். அவள் திரும்பி, பின்கண்ணாடியால் அந்த இடத்தைப் பார்த்தாள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கார்கள் வரத் தொடங்கிய நேரம், மகாதேவி கொட்டிலுக்குள்ளிருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கித் தோளில் வைத்தாள். திண்டுக் கட்டையில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஏரம்பு நிமிர்ந்தான்.

"எங்கை போறாய்?"

"மதகு வைக்க."

வீதி நடுவில் நின்று சேலையை இழுத்துச் செருகினாள். அலவாங்கை இரண்டு கையாலும் உயர்த்தித் தாரில் குத்தினாள். முதல் நாலைந்து குத்தில் அது தெறித்துத் தெறித்து வந்தது. கை எரிந்தது. பிறகு ஒரு துண்டு பெயர்ந்தது. அந்த ஓட்டைக்குள் முனையை விட்டு நெம்பினாள். கார்கள் இரண்டு பக்கமும் நின்று கோர்ண் அடித்தன. வேட்டி உடுத்த ஒருவர் இறங்கிவந்து, "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டார். "ஓம்" என்றாள். மேலும் குத்தினாள்.

லூர்த்தம்மா மண்வெட்டியோடு வந்தாள். பெயர்ந்த கல்லை இழுத்துப் பக்கத்தில் போடத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். ஆண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

அந்த நேரம் கனகசபாபதியின் கார் வந்தது. ஞாயிறு தவறாமல் அவரும் இந்தப் பக்கம் வருவார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"இது பொதுச்சொத்து. தெரியுமோ உனக்கு? பொலிசைக் கூப்பிடுவன்!"

மகாதேவி அலவாங்கை ஊன்றி நிமிர்ந்தாள். அதுவரைக்கும் அவரை 'ஐயா, நீங்கள்' என்றுதான் கதைத்தவள்.

"கூப்பிடும்" என்றாள். "உமக்குத் துள்ளாமல் போகவேணும் எண்டு என்ரை மனுஷன்ரை காலை எடுத்தனீர். இண்டைக்கு எப்பிடிப் போறீரெண்டு பாப்பம்."

பிறக்கிராசியாரை ஒரு மீன்காரி 'நீர்' என்று சொன்னதைக் கேட்டுக் கார்க்காரர்கள் திகைத்துப்போனார்கள். வேலியோரம் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும் மெல்லச் சிரித்தார்.

பொலிஸ் வந்து மகாதேவியையும் லூர்த்தம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனது. வழக்கு நாளன்று கோட்டு விறாந்தையில் கனகசபாபதி கறுப்புக் கோட்டோடு அவளிடம் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"உனக்காக நானே பேசிறன். காசு ஒண்டும் வேண்டாம். நீதவானுக்கு முன்னாலை மன்னிப்பெண்டு ஒரு சொல் சொல்லு. எச்சரிச்சு விடுவிக்கச் செய்யிறன். பேந்து ஒருத்தரும் இதைப்பற்றிக் கதைக்கத் தேவையில்லை."

கதைக்கக்கூடாது என்பதுதான் அவருக்கு வேண்டியது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"மன்னிப்பு நீர் கேக்கவேண்டியது" என்றாள். "என்னட்டையில்லை. வீட்டிலை இருக்கிற மனுஷனிட்டை வந்து கேளும்."

நீதவான் வயதில் இளையவர். வீதியைக் கிண்டினது உண்மையோ என்று கேட்டார்.

"ஓம் ஐயா. ஆனால் குறையாய்த்தான் கிண்டினனான். அதுக்குள்ளை பொலிஸ் வந்திட்டுது."

கோட்டில் சிரிப்பு எழும்பியது. நீதவானும் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஏன் கிண்டினாள் என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். குடை நுனியால் கீறின கோட்டையும் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். லூர்த்தம்மாவை எச்சரித்து விட்டார். மகாதேவிக்கு ஒரு மாதம் சிறையில் மறியல்.

கமிட்டி அவள் கிண்டின கிடங்கை நிரப்பியது. அடுத்த ஞாயிறு லூர்த்தம்மா மீண்டும் கிண்டினாள். இந்தமுறை கரையிலிருந்த பெண்கள் முழுப்பேரும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு வேலியோரம் நின்ற ஆண்களுக்கும் வெட்கம் பிறந்தது, பெண்களின் கையிலிருந்து அலவாங்கை வாங்கினார்கள். அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டுபோகப் பொலிசிடம் வாகனம் இல்லை. மகாதேவி வெளியே வந்தபோது வீதி இரண்டு துண்டாய்க் கிடந்தது. நடுவில் கடல் பழையபடி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. கார்கள் அரியாலை வரைக்கும் வருவதை விட்டிருந்தன. ஒரு மாரிகாலம் அப்படியே போனது. வெட்டுப்பட்ட வீதியைப் பட்டினம் முழுவதும் கேலி செய்யத் தொடங்கியபிறகு, கமிட்டி மதகு கட்டியது.

திறப்புவிழாவுக்குப் பந்தல் போட்டார்கள். மதகுச் சுவரில் கனகசபாபதியின் பெயர் பொறித்த கல் பதித்திருந்தது. அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, "மீன்பிடிக்கும் எங்கள் சகோதரர்களுக்கு இது நாங்கள் தரும் அன்பளிப்பு" என்றார். மகாதேவி எழும்பப் போனாள். அவள் எழும்பமுன்னம் பக்கத்தில் இருந்த ஏரம்பு கம்பை ஊன்றி எழுந்துவிட்டான்.

"ஆரின்ரை அன்பளிப்பு?"

குரல் நடுங்கியது. ஊர் அவனை அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

"இந்த வீதிக்குக் கல் நான் ஏத்தினனான். என்ரை வள்ளத்திலை, என்ரை தோளிலை. மதகு வைப்பம் எண்டு சொன்ன உங்கடை சொல்லை நம்பி ஏத்தினனான். அந்தக் கல்லிலைதான் என்ரை கால் போனது. இவள் மறியலுக்குப் போனவள். நீங்கள் என்ன தந்தனீங்கள்? சொல்லுங்கோ! இத்தினை சனத்துக்கு முன்னாலை சொல்லுங்கோ!"

ஒலிவாங்கி மட்டும் கீச்சிட்டது. ஏரம்பு மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கம்பு நழுவியது. மகாதேவி அவன் தோளுக்குள் கையைக் கொடுத்துத் தாங்கினாள். இரண்டுபேரும் பந்தலுக்கு நடுவால் நடந்து வெளியேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரும் எழும்பியது. பிறக்கிராசியார் பட்டினத்து ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு நாடாவை வெட்டினார்.

அண்டைக்கு வீட்டில் ஏரம்பு சாப்பிடவில்லை. "இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருந்தனீங்கள் உந்தக் கோபத்தை?" என்று மகாதேவி கேட்டாள். அவன் தெரியாது என்று தலையை ஆட்டினான்.

வள்ளங்கள் மதகுக்குக் கீழால் போய்வந்தன. ஏரம்புவால் பிறகு தொழிலுக்குப் போகமுடியவில்லை. மற்றவர்களுக்கு வலை பொத்திக் கொடுத்தான். மகாதேவி தானே நீரேரியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவினாள். அப்படியே அருந்ததியை வளர்த்துக் கோப்பாயில் கட்டிக்கொடுத்தாள். எழுபத்தொன்பதில் ஏரம்பு செத்தபோது கரையிலிருந்து ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போகவில்லை.

மதகில் வீதி உயர்ந்துதான் இருந்தது. எந்தக் காரும் அவ்விடத்தில் வேகத்தைக் குறைக்கவேண்டும். அதனால் மகாதேவி சந்தைக்கு நடப்பதை விட்டுவிட்டு, பின்னேரங்களில் இறால் கடகத்தோடு அங்கேயே நின்றாள். சொன்ன விலைதான், பேரம் பேசினால் கடகத்தை மூடிவிடுவாள். எண்பத்தொன்றில், தலை முழுக்க நரைத்த பிறகும், அதே இடத்தில் அதே குரலோடு நின்றாள். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தி இறால் வாங்கியது. இளம் பெண் ஒருத்தி கண்ணாடியை இறக்கி, கடலைப் பார்த்து மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"எவ்வளவு வடிவான இடம் அம்மா. இஞ்சை இருக்கிறதுக்கு நீங்கள் குடுத்து வைச்சிருக்கவேணும்."

மகாதேவி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை ஒன்றும் அறியாத பிள்ளை என்று தெரிந்தது. இறாலை இலையில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

"எடுங்கோ, பிள்ளை. காரை எடுக்கச் சொல்லுங்கோ. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."